மண்ணெண்ணெய்க் காரும் மொன்ரி கார்லோ மினியும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் போயிற்று. பற்றரி, சீமெந்து, உரம், இரும்பு என்று தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சோறும் மருந்துமே பெரும்பாடாக இருந்த காலத்தில் பெடியளுக்கு விளையாட்டுக் கார் வாங்கிக் கொடுப்பதைப் பற்றி எந்த வீட்டிலும் பேச்சே எழவில்லை. அடுத்த ஐந்தாண்டுகள் அப்படித்தான் கழிந்தன. நான் கார் செய்யப் பழகியது அந்த ஐந்தாண்டுகளில்தான்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைப் பெடியள் எல்லோருக்கும் முதல் வாகனம் பனங்காய் வண்டில். ஒரு தடியின் இரு முனையிலும் பனங்காயைக் குத்தி, நடுவில் கவர்த்தடியை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. அதில் சில்லு உண்டு, காரின் முகம் இல்லை. முகம் வேண்டுமென்றால் பேணி தேடவேண்டும். ரின்பால் பேணியையும் மீன்ரின்னையும் வெட்டி விரித்துச் சப்பையாக்கினால் நல்ல தகடு கிடைக்கும். அதன் விளிம்பைக் கருங்கல்லில் தேய்த்துக் கூர் மழுக்காவிட்டால் கை கிழியும். சில்லுக்குத் தேய்ந்துபோன பாட்டா செருப்பு. இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருப்பின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தால் ஒரே அளவான வட்டங்கள் விழும். அச்சுக்குச் சைக்கிள் கம்பி. அந்தக் கம்பியை எழுதி முடிந்த பேனைக் குழாய்க்குள் விட்டால் உராய்வில்லாமல் சுழலும்.

உடலுக்கு முள்முருக்கு. வேலிக்கு நட்ட மரம். மெதுமையானது, வளர்ந்தவுடன் வெட்டலாம், சவர அலகாலேயே செதுக்கலாம். ஒட்டுவதற்கு வேப்பம் பிசின், இறப்பருக்குச் சைக்கிள் சொலுசன். கறுப்புக்குச் செத்த பற்றரிக்குள் இருந்த கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. சிவப்புக்குக் கோயில் குங்குமத்தைப் பிசினில் குழைப்போம். இரவானால் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வேலை நடக்கும். திரி சிறிது, எண்ணெய் அதைவிடச் சிறிது, ஆனாலும் அந்த வெளிச்சத்தில் சில்லு நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கண் பழகிவிட்டிருந்தது.

உண்மையான கார்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவைதாம் எங்கள் பள்ளிக்கூடம்.

தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருவில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போட் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள். அவற்றை ஓட்டியது மண்ணெண்ணெய். அந்தக் கார்களின் எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு. மட்டமான எரிபொருளைக் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அமுக்கம் கூடிய புதிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் விட்டால் அடிக்கத் தொடங்கிவிடும். அதனாலேயே புதுக் கார்கள் கொட்டிலுக்குள் தூங்க, கிழட்டுக் கார்கள் பிணியாளரையும் மணமக்களையும் பிரேதப் பெட்டியையும் சுமந்து ஓடின.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறும்வரை பெற்றோல் வேண்டும். சிறிய போத்தலில் பெற்றோலை வைத்துக் காபரேட்டருக்குள் கொஞ்சமாக விட்டு இயக்கி, சூடு வந்தபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு கராச் இருந்தது. அங்கே வேலை செய்த அண்ணை, காரோட்டிகள் அவசரப்படும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்:

“சூடேற முதல் மாத்தினா நிண்டிடும். பொறுங்கோ. அது தன்ரபாட்டில வரும்.”

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. பிளக்கில் கரி படியும், வால்வில் கரி படியும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆகவே எஞ்சினை அடிக்கடி திறக்கவேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைக்குக் காரின் முன்மூடியைத் தூக்கினாலும் ஒரு பிளாஸ்ரிக் மூடிதான் தெரியும். நாங்களோ சிலிண்டர் தலையைக் கழற்றி வைத்திருப்பதை, பிஸ்ரனின் தலையில் படிந்த கரியைச் சுரண்டுவதை, வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பொருத்துவதைப் பள்ளிக்கூடம் விட்டுவரும் வழியில் குந்தியிருந்து பார்த்தோம். முன்சில்லுகள் எப்படித் திரும்புகின்றன, பின் அச்சுக்கு விசை எப்படிப் போகிறது என்பதெல்லாம் எங்களுக்குப் புத்தகத்தில் வந்த பாடமல்ல. அண்ணை காரின் கீழே படுத்திருப்பார். “தம்பி, பதினாலைத் தா” என்று கை மட்டும் வெளியே வரும். ஸ்பனரைக் கொடுக்கும் சாட்டில் நானும் குனிந்து உள்ளே பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் தகட்டில் அதையே செய்து பார்ப்பேன்.

பந்தயக் காரை முதலில் கண்டது கடையில் மல்லி சுற்றிக் கொடுத்த சரையில். எங்கிருந்தோ வந்த ஆங்கிலச் சஞ்சிகையின் ஒரு தாள். சிவப்பும் வெள்ளையுமாக, தரையோடு தரையாக, சில்லுகள் நான்கும் உடலுக்கு வெளியே நிற்க, ஒரு கார். கூரை இல்லை, கதவு இல்லை, விளக்கு இல்லை. கார் என்றால் இப்படியும் இருக்கலாமா என்று அம்மாவின் மல்லியைப் பேணியில் கொட்டிவிட்டுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அது 1988இன் மக்லாரன் எம்பி4/4 என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற கார். அயர்ட்டன் சென்னா எட்டு, அலன் புறோஸ்ட் ஏழு. எனக்கு அன்றைக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. அந்த வடிவம் மட்டும் போதுமாக இருந்தது.

முள்முருக்கில் அதைச் செதுக்கினேன். பின்சில்லு முன்சில்லைவிட அகலம் என்பது படத்தில் தெரிந்தது. செருப்புத் துண்டுகள் இரண்டை ஒட்டி அகலமாக்கினேன். குங்குமமும் சுண்ணாம்பும் பூசினேன். விசைக்குச் சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய நாடா. பின்னச்சில் சுற்றிவிட்டால் சில யார் தூரம் பாயும். ஒழுங்கை மணலில் புதையும் என்பதால் எங்கள் பந்தயங்கள் கோயில் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் நடந்தன. பூசைக்கு முன் ஐயர் வந்து கலைப்பார். ஒரு நாளும் அவர் அந்தக் கார்களைப் பறித்ததில்லை.

1995 ஒக்ரோபர் 30இல், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. கொக்குவில் வீட்டுப் புகட்டில் கார்களை வைத்துவிட்டுப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. அதற்குமேல் அந்தக் கார்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனிப் பிந்தைய கதை. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மீண்டும் திறந்தது. கனடாவிலிருந்து மச்சான் வந்தான். பெட்டியின் அடியில் உடுப்புகளுக்கு நடுவே எனக்கென்று ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்திருந்தான். யப்பானின் தமியா நிறுவனத்து மாடல்: மொரிஸ் மினி கூப்பர் 1275 எஸ், றலி வடிவம், 1/24 அளவு. அதற்குள் பிளாஸ்ரிக் சட்டங்களில் பிடித்தபடி நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகள், இறப்பர் ரயர், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படங்கள், படிப்படியாக வரைந்த தாள். எனக்கு அப்போது படவரைஞர் வேலை. பொறியியல் வரைபடம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு ஒழுங்கை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பிளாஸ்ரிக் மாடலை ஒட்டுவது என்பது உண்மையில் உருக்கி இணைப்பது. மெல்லிய தூரிகையால் திரவப் பசையை மூட்டில் தொட்டால் அது இரண்டு பக்கத்துப் பொலிஸ்ரைரீனையும் சற்றே கரைக்கும்; கரைந்த இரண்டும் கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். வேப்பம் பிசினில் வளர்ந்த கைக்கு அது பெரிய அதிசயம். மூட்டை அரத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இணைப்பின் தடமே தெரியாது. இந்த வேலையில் பொறுமை முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். வரிசைதான் அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். எதை ஒட்ட முதல் எதற்கு நிறம் பூசவேண்டும் என்பதைத் தவறாமல் முடிவு செய்தால் பொறுமை தானாக வரும்.

மினியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அதைப் பற்றித் தேடி வாசித்தேன். 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளும் மொன்ரி கார்லோ றலியை வென்றது மினி கூப்பர் எஸ். 1966இலும் முதல் மூன்று இடங்களில் வந்து, முன்விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று விலக்கப்பட்டது. பனிமலைப் பாதைகளில் தன்னைவிடப் பலம் கூடிய கார்களை முந்திய சின்னஞ்சிறு கார். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மொரிஸ் மைனரை வடிவமைத்தவரும் அவரே. அதோடு நின்றிருந்தால் வியப்போடு விட்டிருப்பேன். எஞ்சினும் ஒரே குடும்பம். 1951இல் ஒஸ்ரின் ஏ30க்காக வந்த ஏ வரிசை எஞ்சின், அடுத்த ஆண்டு 803 சிசியில் மொரிஸ் மைனருக்குப் போயிற்று. பிறகு 948, பிறகு 1098. அதே வரிசையின் 1275 சிசி எஞ்சின்தான் 1965இலும் 1967இலும் மொன்ரி கார்லோவில் வென்றது. மைனரில் நெடுக்காக இருந்ததை மினியில் குறுக்காகத் திருப்பி வைத்தார் இசிகோனிஸ்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கராச் அண்ணை கரி சுரண்டிய எஞ்சின், நாங்கள் குந்தியிருந்து பார்த்த அந்த எஞ்சின், பந்தய உலகின் பெயர்பெற்ற எஞ்சினுக்கு உடன்பிறப்பு. மல்லிச் சரையில் வந்த காரை எட்டாத உலகத்துப் பொருளாக எண்ணி வளர்ந்தோம். பந்தயக் காரின் இரத்தம் எங்கள் ஒழுங்கை முடிவிலேயே மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதற்குப் பிறகு ரெசினுக்கு வந்தேன். பிளாஸ்ரிக் மாடல் உருக்கு அச்சில் அழுத்தி வார்க்கப்படுவது. அந்த அச்சைச் செய்யப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். ஆகவே பெரிய நிறுவனங்கள் பெராரியையும் மக்லாரனையும் போர்ஷவையும்தான் நாடும். சிறிய ஊரின் கார், ஒரே ஒரு பந்தயத்தில் ஓடிய கார், ஆரும் கேட்காத கார், இவற்றுக்கெல்லாம் கதி ரெசின். முதலில் ஒரு மூல உருவைக் கையால் செய்யவேண்டும். அதன்மேல் சிலிக்கோன் இறப்பரை ஊற்றி அச்செடுக்கவேண்டும். பிறகு இரண்டு திரவங்களைக் கலந்து அச்சுக்குள் ஊற்றினால் சில நிமிடத்தில் இறுகும். ஒரு சிலிக்கோன் அச்சு கிழியும்வரை சில பத்துப் பிரதிகள் தரும். பிரான்சிலும் இத்தாலியிலும் யப்பானிலும் பல சிறு பட்டறைகள் இப்படித்தான் பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பந்தயக் கார்களைக் காப்பாற்றின.

யாழ்ப்பாணத்து வானிலைக்கு இது இலேசான வேலையல்ல. பொலியூரத்தேன் ரெசினின் ஒரு பாதி ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவை வெளிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது வார்த்தால் வார்ப்பு முழுவதும் நுரைத்துச் சிறு குமிழிகளாகிவிடும். நிறத்தெளிப்பும் அப்படியே, ஈரக்காற்றில் அடித்தால் பளபளப்பின்மேல் வெண்மை படரும். ஆகவே வார்ப்பும் நிறமும் கோடைக்கு. மாரி வெட்டவும் தேய்க்கவும். எங்கள் தோட்டக்காரர் காலம் பார்த்து வெங்காயம் நடுவதைப்போல இதற்கும் ஒரு பருவம் உண்டு. பிளாஸ்ரிக் பசை ரெசினைக் கரைக்காது. அதற்குச் சுப்பர் குளூ அல்லது எப்பொக்சி வேண்டும். அச்சிலிருந்து எடுத்த துண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவாவிட்டால் நிறம் உரிந்து வரும். எல்லாவற்றிலும் முக்கியம்: ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கவேண்டும். பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவோர் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ரெசின் என்றதும் அந்நியப் பொருள் என்று ஆரும் விலகவேண்டாம். குருநகரிலும் பாசையூரிலும் பைபர் படகின் வெடிப்பை ஒட்டுகிறவர்களின் கையில் தினமும் புழங்குவது ரெசின்தான். சீநோர் நிறுவனம் காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டிய நாளிலிருந்து குடாநாட்டுக்கு அது தெரிந்த பொருள். படகுக்கு ஊற்றுவது பொலியெஸ்ரர்; இறுகும்போது சுருங்கும், சிறிய மாடலுக்கு அவ்வளவு உகந்ததல்ல. ஆனால் எத்தனை துளி கலந்தால் எவ்வளவு நேரத்தில் இறுகும், வெயிலில் எவ்வளவு குறைக்கவேண்டும் என்கிற கணக்கில் கரையோரத்துப் படகுக்காரர் என்னைவிடத் தேர்ந்தவர்கள். நான் கேட்டுப் படித்ததும் அவர்களிடம்தான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இங்கே தேர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதும் தெரியும்.

பஞ்சம் வந்திருப்பது வேறொன்றுக்கு. என் மருமகன் ஒரு நாள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் பிளாஸ்ரிக் தகட்டிலும் புட்டியிலும் மொரிஸ் மைனர் ஒன்றின் மூல உருவைச் செய்துகொண்டிருந்தேன். மேலே சாமான் கட்டும் கூரைச் சட்டம், பொருத்திய பெற்றோல் போத்தல், புகை படிந்த பின்புறம், எல்லாவற்றோடும் 1990களின் யாழ்ப்பாணத்து மைனர்.

“மாமா, உதுக்கு அளவு எங்க எடுத்தனீங்கள்?” என்று கேட்டான்.

சரியான கேள்வி. காரின் நீளம் 3.76 மீற்றர், 1/24இல் 15.7 சென்ரிமீற்றர். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2.18 மீற்றர், 9.1 சென்ரிமீற்றர். இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. முன்மூடியின் வளைவு எவ்வளவு, எங்கள் தச்சர் செய்து பூட்டிய கூரைச் சட்டம் எத்தனை அங்குலம், மண்ணெண்ணெய்க்காகக் கராச்சுகளில் பொருத்திய குழாய் எவ்வழியே போயிற்று என்பவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவை காரில்தான் இருக்கின்றன. அந்தக் கார்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

தமியாவின் கதை இதில் எனக்குப் பெரிய பாடம். 1976இல் அவர்கள் வெளியிட்ட போர்ஷ 934, 1/12 அளவு மாடலுக்காக, நிறுவனத்தை நடத்திய சுன்சாகு தமியா ஜேர்மனிக்கே போய் அளவெடுத்துப் பார்த்தார், போதவில்லை. கடைசியில் ஒரு போர்ஷ 911ஐ விலைக்கு வாங்கி, துண்டுதுண்டாகக் கழற்றி அளந்தார்கள். ஒரு விளையாட்டுப் பொருளுக்காக ஓடும் காரைக் கழற்றிய அந்தச் செயலால்தான் யப்பானிய மாடல் இன்றைக்கும் மதிக்கப்படுகிறது. எங்களிடம் அன்றைக்குக் கழற்றிய கார்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை கிடந்தன. அளக்க நாடா இருந்தது, பார்க்கக் கண் இருந்தது; செய்யப் பொருள் இல்லை. இன்றைக்குப் பொருளுக்குக் குறைவில்லை. பிளாஸ்ரிக் தகடு, ரெசின், சிலிக்கோன், முப்பரிமாண அச்சுப்பொறி, எல்லாம் தபாலில் வருகின்றன. அளப்பதற்குத்தான் கார் இல்லை.

பாதை திறந்தபின் பழைய கார் தேடித் தெற்கிலிருந்து வந்தவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். அவர்களில் குற்றம் இல்லை. அவர்கள் வாங்கியவை புது நிறத்தோடு இன்றும் ஓடுகின்றன. இங்கே நின்றவை பல பழைய இரும்புக்குப் போயின. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, எங்கள் தலைமுறை மறுபடியும் மண்ணெண்ணெய்க் கார்களை நினைத்துக்கொண்டது. அந்த ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அப்போதுகூடக் கொட்டிலில் நின்ற மைனரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தவர்கள் சிலர்தான். அதை மண்ணெண்ணெய்யில் இயக்கத் தெரிந்தவர்கள் அதைவிடச் சிலர்.

மொன்ரி கார்லோ மினியை உலகம் ஆயிரம் மாடல்களில் காப்பாற்றிவிட்டது. அதன் உடன்பிறப்பு இங்கே நோயாளியை மந்திகை ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டு ஓடியதை ஆரும் காப்பாற்றப் போவதில்லை, நாங்கள் செய்தாலன்றி. வேகத்தில் அது பந்தயக் கார் அல்ல. ஆனால் மோசமான எரிபொருளில், மாற்று உறுப்பு இல்லாமல், குண்டு விழுந்த தெருவில் ஐந்தாண்டு ஓடி முடித்த எந்தப் பந்தயக் காரும் எனக்குத் தெரியாது. ஆகவே என் அலுமாரியில் மினி கூப்பருக்குப் பக்கத்து இடம் அதற்கு.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொட்டிலில் ஏ40 நின்றால், மைனர் நின்றால், ஏ60இன் வெறுங்கூடுதான் நின்றாலும், அதை இரும்புக்குக் கொடுக்க முதல் நான்கு பக்கமும் நேராக நின்று படம் எடுத்து வையுங்கள். முன்மூடியைத் தூக்கி உள்ளேயும் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடிக்கோல் தெரியட்டும். அந்தக் காலத்தில் அதை ஓட்டிய அப்பாவோ பெரியப்பாவோ இருந்தால், எந்தக் குழாயை எங்கே பூட்டினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். முடியாவிட்டால் ஒரு பகல் மட்டும் எங்களைப் போன்றவர்களுக்குத் தாருங்கள். அளவுநாடாவும் கமராவும் நாங்களே கொண்டுவருவோம்.